அணுகுண்டுச் சோதனைகளின் படத்தொகுப்புகள்: எந்த நூலை வாங்குவது, எப்படிப் பார்ப்பது?

ஏட்டருவி கேட்டது:

நண்பர்களுக்கு வணக்கம். அணுகுண்டுச் சோதனைகளின் ஒளிப்படங்களைத் தொகுத்து வெளிவந்துள்ள நூல்களைப் பற்றி, அவற்றை நிதானமாகப் பார்த்துப் பழகியவர்களின் வழிகாட்டுதல் வேண்டி இதை எழுதுகிறேன்.

சென்ற மாதம் நண்பர் ஒருவரின் வீட்டில், மைக்கேல் லைட் தொகுத்து 2003-இல் வெளியான '100 சன்ஸ்' என்ற நூலை முதன்முறையாகப் பார்த்தேன். 1945 ஜூலை முதல் 1962 நவம்பர் வரை அமெரிக்கா திறந்தவெளியிலும் கடலிலும் நடத்திய சோதனைகளின் நூறு படங்களை, அணுகுண்டை உருவாக்கிய லாஸ் அலமாஸ் ஆய்வகத்தின் சேகரிப்பிலிருந்தும் அந்நாட்டின் தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்தும் தேர்ந்தெடுத்து, பாலைவனம், கடல் என்று இரண்டு பகுதிகளாக அவர் அடுக்கியிருக்கிறார். படத்தோடு இருப்பவை சோதனையின் பெயர், வெடிதிறன், நாள், இடம் ஆகியவை மட்டுமே. விளக்கங்களுக்கு நூலின் கடைசிப் பக்கங்களுக்குத்தான் போக வேண்டும். பகவத் கீதையின் பதினோராம் அத்தியாயத்தில் வானத்தில் ஆயிரம் சூரியர்கள் ஒருசேர உதித்தாற்போல் என்று வரும் சுலோகம், அந்த ஆய்வகத்தின் தலைவராக இருந்த ஓப்பன்ஹைமரின் பெயரோடு சேர்த்தே எங்கும் பேசப்படுவதால், தலைப்பு எங்கிருந்து வந்தது என்பது நமக்குச் சொல்லாமலே விளங்கிவிடுகிறது.

அன்று என்னுடன் வந்திருந்த என் பன்னிரண்டு வயது மகள், ஆரஞ்சும் ஊதாவும் கலந்த ஒரு முழுப்பக்கப் படத்தின் முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அதை வரைபட நோட்டில் வரைந்துகொள்ளலாமா என்று கேட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் வேண்டாம் என்று அவள் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால், அந்தப் பக்கத்தில் நானும் அவளைப் போலவே கண்ணை எடுக்க முடியாமல்தான் நின்றிருந்தேன்.

இந்த நூலை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் தோன்றுகிறது, வைத்துக்கொள்வது சரிதானா என்ற உறுத்தலும் இருக்கிறது. இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டிய வேறு தொகுப்புகள் எவை என்பதையும், இத்தகைய படங்களில் வெறும் வண்ணத்தையும் வடிவத்தையும் தாண்டி எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும், அறிந்தவர்கள் விரிவாகவே எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வில்லைக்கண் எழுதிய மறுமொழி:

சகோதரி அவர்களுக்கு வணக்கம். உங்கள் மகளுக்கு அந்தப் படம் அழகாகத் தோன்றியதில் அவள் பிழை ஏதும் இல்லை. ஆனால் அந்தப் படங்களில் பெரும்பாலானவை அழகுக்காக எடுக்கப்பட்டவை அல்ல, அளப்பதற்காக எடுக்கப்பட்டவை என்பதை அவளிடம் சொல்லலாம். ஓர் எக்ஸ்ரே படத்தை எப்படிப் படிக்கக் கற்றுக்கொள்கிறோமோ, அப்படித்தான் இவற்றையும் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதல் சோதனையையே எடுத்துக்கொள்வோம். 1945 ஜூலை 16 அன்று அதிகாலை 5.29 மணிக்கு நியூ மெக்சிகோவின் பாலைவனத்தில் டிரினிட்டி சோதனை நடந்தபோது, படமெடுக்கும் பொறுப்பிலிருந்த பெர்லின் பிரிக்ஸ்னர் ஐம்பதுக்கும் மேற்பட்ட கேமராக்களை நிறுத்தியிருந்தார். அவற்றில் ஒன்றிலிருந்து கிடைத்து இன்று உலகமெங்கும் அச்சிடப்படும் படத்தில், நெருப்புக்கோளம் தரையில் கவிழ்த்த கண்ணாடிக் கிண்ணம்போல் நிற்கும். அதன் கீழே 0.025 நொடி என்ற காலக் குறிப்பும், 100 மீட்டரைக் காட்டும் ஓர் அளவுகோடும் இருக்கும். பல நூல்கள் இந்த இரண்டையும் அழகு கெடுகிறது என்று வெட்டிவிடுகின்றன. அப்படி வெட்டிய நூலை நான் வாங்குவதில்லை. ஏனென்றால் அந்தப் படத்தின் உயிரே அந்த இரண்டு குறிப்புகளில்தான் இருக்கிறது.

காரணத்தைச் சொல்கிறேன். பிரிட்டனின் இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர், ரகசியக் கட்டு அவிழ்க்கப்பட்டு வெளிவந்த இந்தப் படவரிசையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு குண்டின் வெடிதிறனைக் கணக்கிட்டு, 1950-இல் வெளியிட்டார். நெருப்புக்கோளத்தின் ஆரத்தின் ஐந்தாம் அடுக்கை எடுத்து, காற்றின் அடர்த்தியால் பெருக்கி, கழிந்த காலத்தின் வர்க்கத்தால் வகுத்தால், வெளிப்பட்ட ஆற்றல் ஏறத்தாழக் கிடைத்துவிடும் என்பதே அதன் சாரம். நானும் ஒரு நாள் அச்சுப் பக்கத்தின்மேல் அளவுகோலை வைத்து இதைச் செய்து பார்த்தேன். ஆரத்தை 130 மீட்டர் என்று கொண்டால் சுமார் 17 கிலோடன் வருகிறது (ஒரு கிலோடன் என்பது ஆயிரம் டன் டி.என்.டி. வெடிமருந்தின் ஆற்றல்). 140 மீட்டர் என்று கொண்டால் அது சுமார் 25 கிலோடன் ஆகிவிடுகிறது. அச்சுப் பக்கத்தில் இந்தப் பத்து மீட்டர் என்பது பென்சில் கோட்டின் தடிமன் அளவுதான் இருக்கும். ஒரு படத்தொகுப்பின் அச்சுத் தரத்தைப் பற்றி நான் இவ்வளவு கறாராக இருப்பதற்கு இதுவே காரணம்.

அடுத்து, முட்களும் திட்டுத்திட்டான புள்ளிகளும் கொண்ட, ஏதோ கடலடி உயிரினத்தின் முட்டை போன்ற படங்களை '100 சன்ஸ்' நூலிலும் பிறவற்றிலும் பார்த்திருப்பீர்கள். அவை ஹரால்ட் எட்ஜெர்ட்டனும் அவருடைய கூட்டாளிகளும் உருவாக்கிய ரேப்பட்ரானிக் கேமராவில் எடுக்கப்பட்டவை. எந்த இயந்திர ஷட்டரும் அந்த வேகத்தில் திறந்து மூடாது என்பதால், ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் ஒளிமுனைவுத் தகடுகள் இரண்டை ஒளி புகாதபடி ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து, அவற்றுக்கு நடுவே ஒரு கண்ணாடியை வைத்து, கணநேரம் காந்தப்புலம் செலுத்தி ஒளிக்கு வழிவிட்டார்கள். நொடியின் லட்சத்தில் ஒரு பங்கிற்கும் குறைவான நேரமே ஒளி உள்ளே வரும். ஒரு கேமரா ஒரே ஒரு படம்தான் எடுக்கும். அடுத்தடுத்த கணங்கள் வேண்டுமென்றால் பல கேமராக்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் சற்றே தாமதித்து இயங்கச் செய்ய வேண்டும்.

அந்தப் படங்களில் கீழ்நோக்கி நீளும் முட்கள் என்னவென்று வெகுகாலம் எனக்கும் விளங்கவில்லை. குண்டு வைத்த கோபுரத்தை நிமிர்த்திப் பிடித்திருந்த கட்டுக்கம்பிகள்தாம் அவை. நெருப்புக்கோளத்தின் விளிம்பு வந்து தொடுவதற்கு முன்பே அதன் ஒளி அந்தக் கம்பிகளைச் சுட்டு ஆவியாக்குகிறது. ஜான் மாலிக் என்ற இயற்பியலாளர் இதை ஆராய்ந்து கயிற்று வித்தை என்று பெயரிட்டார். கம்பிக்குக் கறுப்பு வண்ணம் பூசியபோது முள் இன்னும் பெரிதானது, ஒளியைத் திருப்பியனுப்பும் தகடு சுற்றியபோது முள்ளே தோன்றவில்லை. கோளத்தின் மேனியிலுள்ள வெளிர் திட்டுகள், வெடித்துச் சிதறிய குண்டின் பொருள்கள் உள்ளிருந்து அதிர்ச்சி அலையின், அதாவது வெடிப்பால் காற்றில் விரைந்து பரவும் அழுத்த அலையின், முதுகில் மோதிய இடங்கள்.

அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் நடந்த சோதனைகளின் படங்களில் மேகத்துக்குப் பக்கத்தில் நேராக எழும் வெண்ணிறப் புகைக்கோடுகளையும் கவனியுங்கள். வெடிப்பிலிருந்து கிளம்பியவை என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அவை சில நொடிகளுக்கு முன் ஏவப்பட்ட சிறு ராக்கெட்டுகளின் புகைத்தடங்கள். அதிர்ச்சி அலை கடக்கும்போது அந்தக் கோடு எந்த இடத்தில் எவ்வளவு முறிகிறது என்பதை அளப்பதற்காக, வானத்தில் கட்டம் போட்டதுபோல் அவற்றை நிறுத்தினார்கள்.

வண்ணத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எட்ஜெர்ட்டனின் குழுவிலிருந்த சார்லஸ் வைக்காஃப் உருவாக்கிய ஒருவகைப் படச்சுருளில், மூன்று படலங்கள் மூன்று வேறுபட்ட ஒளியுணர்வோடு பூசப்பட்டிருந்தன. கண்ணைப் பறிக்கும் நடுப்பகுதியும் மங்கலான ஓரமும் ஒரே படத்தில் பதிய வேண்டும் என்பதே நோக்கம். படலங்களைப் பிரித்தறிவதற்காக ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுக்கப்பட்டது. ஆகவே அந்தச் சுருளில் எடுத்த படத்தின் மஞ்சளும் ஊதாவும் வானத்திலிருந்த நிறங்கள் அல்ல, எவ்வளவு ஒளி என்பதைச் சொல்லும் குறியீடுகள். டிரினிட்டியில் ஜாக் ஏபி தம் சொந்தக் கேமராவில் எடுத்த புகழ்பெற்ற வண்ணப்படம் போன்றவை வேறு வகை. எது எந்த வகை என்று சொல்லாத நூல் வாசகருக்கு முழு உதவி செய்யவில்லை என்றே கருதுகிறேன்.

இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் காண விரும்பினால், பீட்டர் குரான் 2006-இல் வெளியிட்ட 'ஹவ் டு ஃபோட்டோகிராஃப் அன் அடாமிக் பாம்' நூலை வாங்குங்கள். கருவிகள், அவற்றை இயக்கியவர்கள், ஹாலிவுட்டின் மலைச்சரிவில் விமானப்படை நடத்திவந்த லுக்அவுட் மவுன்டன் படப்பிடிப்புக்கூடம் ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. பார்க்க '100 சன்ஸ்', படிக்க இது என்று சொல்வேன்.

மணல்வரி எழுதிய மறுமொழி:

வில்லைக்கண் அவர்கள் எழுதியது அத்தனையும் பயனுள்ளது. இருந்தாலும், இதை மட்டும் வைத்துக்கொண்டு அந்தச் சிறுமிக்குப் பதில் சொல்லிவிட முடியாது என்று நினைக்கிறேன். அளக்க எடுத்த படம் என்று சொல்லும்போதே, அதில் எதை அளக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1946 ஜூலை 25 அன்று பசிபிக் கடலிலுள்ள பிகினி பவளத்தீவில் நீருக்கடியில் வெடிக்கப்பட்ட பேக்கர் சோதனையின் படம் எல்லாத் தொகுப்புகளிலும் உண்டு. வெண்ணிற நீர்த்தூண் எழுந்து நிற்க, அதன் அடியில் போர்க்கப்பல்கள் சிறுவர் விளையாட்டுப் பொருள்போல் சிதறிக் கிடக்கும். அதே ஆண்டு மார்ச்சில் அந்தத் தீவைவிட்டு வெளியேற்றப்பட்ட 167 பேரில் ஒருவர்கூட அந்தப் படத்தில் இல்லை. ஆனால் அவர்களைப் படமெடுக்காமலும் விடவில்லை. தீவை விட்டுத்தரும்படி அமெரிக்கக் கடற்படை அதிகாரி அவர்களிடம் கேட்பதும் அவர்கள் இசைவதுமான காட்சி, கேமராவுக்காக மீண்டும் மீண்டும் நடத்திக் காட்டச்செய்து எடுக்கப்பட்டது. வெடிப்பின் படத்தையும் அந்தக் காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, நீர்த்தூணை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

1954 மார்ச் 1 அன்று அதே பிகினியில் நடந்த காஸில் பிராவோ சோதனையும் அப்படியே. சுமார் 6 மெகாடன் (ஒரு மெகாடன் ஆயிரம் கிலோடன்) என்று எதிர்பார்த்தது 15 மெகாடனாக வெடித்தது. படத்தில் தெரிவது ஒரு மாபெரும் மேகம். படத்தில் தெரியாதது, ரோங்கெலாப் தீவில் குழந்தைகளின் தலையிலும் தோளிலும் வெண்ணிறத் தூளாக விழுந்த பவளச் சாம்பல். அந்தச் சாம்பல் விழுந்த ஜப்பானிய மீன்பிடிப் படகில் 23 பேர் இருந்தார்கள். அவர்களில் குபோயாமா ஐகிச்சி அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று இறந்தார்.

படமெடுத்தவர்களும் இந்தக் கணக்கிலிருந்து விடுபட்டவர்களே. 1957 ஜூலை 19 அன்று நெவாடாவில், ஐந்து விமானப்படை அதிகாரிகள் தலைக்கு மேலே சுமார் ஐந்தரைக் கிலோமீட்டர் உயரத்தில் வெடிக்கப்போகும் குண்டுக்கு நேர்கீழே தாமாக முன்வந்து நின்றார்கள். மக்கள்தொகை ஐந்து என்று எழுதிய பலகை ஒன்றும் அவர்களருகே நட்டிருந்தது. அந்தக் காட்சியைப் படம்பிடித்த ஜார்ஜ் யோஷிடாகே ஆறாவது ஆளாக அங்கேயே நின்றிருந்தார். பலகையில் அவர் எண்ணப்படவில்லை.

ஆகவே என் பரிந்துரைகள் வேறு. கரோல் கேலகர் 1993-இல் வெளியிட்ட 'அமெரிக்கன் கிரவுண்ட் ஜீரோ' நூலில் ஒரு வெடிப்பையும் காட்டிப் பரவசப்படுத்தும் நோக்கம் இல்லை. நெவாடா சோதனைக்களத்தில் வேலை செய்தவர்கள், அங்கே நிறுத்தப்பட்ட படைவீரர்கள், காற்று வீசிய திசையில் குடியிருந்தவர்கள் ஆகியோரின் கறுப்பு வெள்ளை உருவப்படங்களும் அவர்களே பேசிய பேச்சும்தான் நூல் முழுவதும். ராபர்ட் டெல் ட்ரெடிச்சி 1987-இல் வெளியிட்ட 'அட் வொர்க் இன் த ஃபீல்ட்ஸ் ஆஃப் த பாம்', குண்டு உருவாகும் ஆலைகளையும் அங்குள்ள மனிதர்களையும் நேராகக் காட்டுகிறது. நிலம் என்ன ஆனது என்று பார்க்க எம்மெட் கோவின் 2019-இல் வெளியிட்ட 'த நெவாடா டெஸ்ட் சைட்' உதவும். 1996, 1997 ஆண்டுகளில் அவர் வானிலிருந்து எடுத்த படங்களில், நிலத்தடிச் சோதனைகளால் தரை உள்வாங்கி உண்டான குழிகள் அம்மைத் தழும்புபோல் அடுத்தடுத்துத் தெரிகின்றன. சோவியத் பக்கத்தை அறிய நதவ் காண்டர் 2014-இல் வெளியிட்ட 'டஸ்ட்' உண்டு. கஜகஸ்தானில் 456 சோதனைகள் நடந்த செமிபலாடின்ஸ்க் களத்தை ஒட்டிய குர்ச்சாதோவ் நகரின் இடிபாடுகள் அதில் இருக்கின்றன. அதிலும் அழகு உண்டு. அந்த அழகும் உறுத்தவே செய்யும்.

ஒரே ஒரு படத்தை மட்டும் உங்கள் மகளுக்குக் காட்ட வேண்டும் என்றால் நான் வெடிப்பின் படத்தைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். பேக்கர் சோதனைக்குப் பின் பிகினியில் பிடித்த ஒரு மீனை, வெளிச்சமே படாமல் ஒளிப்படத் தகட்டின்மேல் கிடத்தினார்கள். மீன் தன் உடலிலிருந்த கதிரியக்கத்தால் தானே தன் உருவத்தைத் தகட்டில் பதித்துக்கொண்டது. அது கடைசியாகத் தின்ற பாசி வயிற்றில் பளிச்சென்று தெரிகிறது, செதில்கள் மங்கலாகத் தெரிகின்றன. கப்பல்களைக் கழுவிச் சுத்தம் செய்யும் வேலையை நிறுத்தவேண்டும் என்று, பாதுகாப்புப் பொறுப்பிலிருந்த மருத்துவர் ஸ்டாஃபோர்ட் வாரன் கடற்படைத் தளபதியிடம் வாதாடியபோது காட்டிய படம் அதுதான். மறுபேச்சின்றி வேலை நிறுத்தப்பட்டது.

பழஞ்சுருள் எழுதிய மறுமொழி:

மேலே இருவரும் எழுதியதோடு, வாங்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். இந்தப் படங்கள் அமெரிக்க அரசு ஊழியர்கள் பணிநிமித்தம் எடுத்தவை என்பதால், பெரும்பாலானவற்றுக்கு அந்நாட்டில் பதிப்புரிமை கிடையாது. அதனாலேயே இணையத்திலிருந்து இறக்கிய சிறு கோப்புகளைப் பெரிதாக்கி அச்சிட்ட தொகுப்புகளும் விற்பனைக்கு வருகின்றன. சோதனையின் பெயர் தவறாக இருப்பதும், படம் இடவலமாகத் திரும்பியிருப்பதும் அவற்றில் சாதாரணம். படங்கள் எந்தக் காப்பகத்திலிருந்து பெறப்பட்டன என்று சொல்லாத நூலைத் தவிர்த்துவிடுங்கள்.

பத்து மீட்டரில் கணக்கு மாறுகிறது என்று வில்லைக்கண் சொன்னது ஏட்டளவுப் பேச்சல்ல. லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் கிரெக் ஸ்பிரிக்ஸ் என்ற இயற்பியலாளர், அந்தக் காலத்தில் எடுக்கப்பட்ட ஏறத்தாழ 10,000 படச்சுருள்களைத் தேடி, கிடைத்தவற்றை மறுபடி அளந்துவந்தார். 2017-இல் முதல் தொகுதியைப் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட்டபோது, சுமார் 6,500 சுருள்கள் கண்டெடுக்கப்பட்டு 4,200 அளவில் கணினிக்கு ஏற்றப்பட்டிருந்தன. அக்காலத்தில் ஒவ்வொரு சட்டகமாகக் கண்ணால் பார்த்துக் குறித்த அளவுகள் சிலவற்றில் 20, 30 விழுக்காடு வரை பிசகியிருந்தது தெரியவந்தது. சுருள் நாளாக ஆக அழிந்துகொண்டிருப்பதால் அவருடைய வேலையில் அவசரமும் இருந்தது. டப்பாவைத் திறந்தவுடன் காடி வாடை அடித்தால், உள்ளே இருக்கும் அசிடேட் சுருள் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். பழைய சுருள்களைக் கையாண்டவன் என்ற முறையில் அந்த வாடையை நான் நன்றாக அறிவேன். அது வந்துவிட்டால் நம்மால் கெடுதலைத் தாமதப்படுத்த முடியுமே தவிர நிறுத்த முடியாது.

ஏட்டருவி மீண்டும் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. '100 சன்ஸ்' நூலையும் 'அமெரிக்கன் கிரவுண்ட் ஜீரோ' நூலையும் சேர்த்தே வாங்குவது என்றும், ஒன்றை மட்டும் முதலில் வாங்குவதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறேன். குரானின் நூல் அதற்கு அடுத்து.

மீனின் படத்தை நேற்றிரவு மகளிடம் காட்டினேன். விளக்கம் சொல்வதற்கு முன்பு அது எக்ஸ்ரே என்றுதான் அவளும் நினைத்தாள். வெளியிலிருந்து எந்தக் கதிரும் பாய்ச்சவில்லை, கதிர் மீனுக்குள்ளிருந்தே வந்தது என்று சொன்னபோது, அந்த மீன் அப்போது உயிரோடு இருந்ததா என்று மூன்று முறை கேட்டாள். பிறகு தன் நோட்டை எடுத்துவந்து மீனை வரைந்தாள். வயிற்றுப் பகுதியை மட்டும் வண்ணம் தீட்டாமல் வெள்ளையாகவே விட்டிருக்கிறாள். இம்முறை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வில்லைக்கண் அவர்களிடம் ஒரு சிறு கேள்வி. 0.025 நொடிப் படத்தை அளக்க வேண்டும் என்று அவள் அளவுகோலோடு காத்திருக்கிறாள். கோளத்தின் அடியில் தரையோடு பரவிய தூசிப் பாவாடை ஒன்று தெரிகிறதே, அகலத்தை அளக்கும்போது அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமா?

வில்லைக்கண்:

வேண்டாம். தூசியை விட்டுவிட்டு, அதற்குச் சற்று மேலே கூர்மையாகத் தெரியும் விளிம்பிலிருந்து விளிம்புவரை அளந்து பாதியாக்கச் சொல்லுங்கள். கோளத்தின் இடமும் வலமும் முழுமையாகச் சமமாக இராது என்பதால் மூன்று இடங்களில் அளந்து சராசரி எடுப்பது நல்லது. அவளுக்கு என்ன எண் கிடைத்தது என்று இங்கே எழுதுங்கள், சேர்ந்து கணக்கிடுவோம்.